குவியல் எங்கே நிற்கிறது?



சென்ற வருடம் ஆவணி மாதத்தில் ஒரு முன்னிரவு. எனது கைத்தொலைபேசி அடித்தது. கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் மிளகாய்த்தூள் செய்து விற்கும் மகளிர் குழுவின் தலைவி பேசினார். குரலில் கோபமும் அழுகையும் கலந்திருந்தன.

"மிஸ், போன மாசம் அனுப்பினதில நாப்பது பைக்கற் திரும்பி வந்திட்டுது. நிறை குறைவாம். சிலது கசக்குதாம். இப்ப நாங்கள் ஆற்ற சொல்லைக் கேக்கிறது? முதல் வந்தவர் எல்லாத்தையும் அடுக்கி வையுங்கோ எண்டார். பிறகு வந்தவா அளந்து எழுதுங்கோ எண்டா. கடைசியா வந்தவர் வீண் வேலையைக் குறையுங்கோ எண்டார். மூண்டையும் செய்தம். செய்துதான் இப்பிடி."

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். அந்த முதலாவது செயலமர்வை ஒழுங்கு செய்தவளே நான்தான்.

அக்குழுவில் 11 பேர். எட்டுப் பேர் தனியே குடும்பத்தைச் சுமப்பவர்கள். நிவாரணமாகக் கிடைத்த ஒரு அரைக்கும் மெசினுடன் ஆரம்பித்து, சொந்த உழைப்பால் ஒரு கொட்டிலையும் இரண்டு அறைகளையும் கட்டியவர்கள். கொழும்பில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் எடுப்பதாக ஒப்புக்கொண்டது அவர்களுக்குக் கிடைத்த முதலாவது பெரிய வாய்ப்பு. அதுதான் இப்போது கைநழுவிப் போகும் நிலை.

மறுநாள் காலையில் போனபோது என் முன்னால் ஒரு படிவத்தை வைத்தார்கள். இரண்டாவது மெசின் வாங்க 4 இலட்சம் ரூபா கடன். என்னுடைய சிபாரிசுக் கையொப்பம் மட்டுமே மீதி. "மெசின் காணாது மிஸ். அதாலதான் அவசரப்பட்டுச் செய்யிறம், பிழை வருது" என்றார் பொருளாளர். நியாயம் போலத்தான் தெரிந்தது. ஆனால் வாரக் கடன்காரர் வாசலில் வந்து குந்தியிருந்த காலத்தை நாங்கள் எல்லோரும் கண்டவர்கள். 2022 நெருக்கடிக்குப் பின்னர் மின் கட்டணம் ஏறிய ஏற்றமும் நினைவிருக்கும். மூன்று நாள் தவணை கேட்டேன். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கொட்டிலின் மூலையில் குந்திவிட்டேன்.

முதல் நாள் கணக்கை நான் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகே ஹோதோர்ன் என்ற தொழிற்சாலையில் 1924 தொடக்கம் 1932 வரை பல ஆய்வுகள் நடந்தன. தொலைபேசிக் கருவிகளின் பாகங்களைப் பொருத்தும் பெண்களை ஒரு தனி அறையில் வைத்து, ஓய்வு நேரம், வேலை நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்றாலே மனிதருடைய வேலை மாறிவிடும் என்பது அந்த ஆய்வுகளோடு சேர்த்துப் பேசப்படும் பாடம். வளாகத்தில் சமூகவியல் படித்தபோது பரீட்சைக்காகப் பாடமாக்கிய இவ்விடயம், பத்து வருடம் கழித்து மிளகாய்க் கொட்டிலில் உதவியது. முதல் நாள் எல்லோரும் என் முன்னால் பறந்து பறந்து வேலை செய்தார்கள். இரண்டாம் நாள் என்னை மறந்துவிட்டார்கள். கதையும் சிரிப்பும் தொடங்கின. அதன் பிறகு எழுதியதே உண்மைக் கணக்கு.

அவர்களின் வேலை இப்படி நடக்கிறது. செத்தல் மிளகாய் உரப்பையில் வரும். மூவர் இருந்து காம்பு கிள்ளுவார்கள். பிறகு காய விடுதல். பிறகு கொட்டிலில் தாச்சியில் வறுத்தல். மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவை தனித்தனியே வறுபடும். ஆற விட்டு, அரைத்து, அரிதட்டில் அரித்து, நிறுத்து, பையிலிட்டு ஒட்டுவார்கள்.

எட்டு மணி நேர நாளில் அந்த மெசின் ஓடியது 2 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மீதி நேரம் சும்மா நின்றது. பின் ஏன் மெசின் காணாது என்று எல்லோருக்கும் தோன்றியது? வறுத்தது எல்லாம் பின்னேரம் மூன்று மணிக்கே ஒன்றாய்ச் சேரும். அப்போது எல்லோரும் மெசினைச் சுற்றி நிற்பார்கள். அதோடு, சத்தம் போடுவது மெசின்தான். பழியும் அதற்கே போயிற்று. உண்மையில் காலை முதல் மிளகாய் குவிந்து கிடந்த இடம் அடுப்படி. தாச்சி ஒன்றுதான். ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் போட்டால் ஒருபக்கம் கருகி ஒருபக்கம் பச்சையாய் நிற்கும். ஒரு தடவைக்கு 25 நிமிடம். வறுபதம் தெரிந்தவர் ஒருவரே. அவரேதான் விறகு எடுப்பதும், தேநீர் வைப்பதும், முற்றம் கூட்டுவதும்.

இரண்டாவது மெசின் வந்திருந்தால் இரண்டு மெசின்கள் சும்மா நின்றிருக்கும். கடன் மட்டும் நிற்காமல் ஓடியிருக்கும்.

இதை ஒரு முறையாகவே எழுதி வைத்தவர் எலியாகு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலியப் பௌதிகவியலாளர். 1984இல் அவர் ஒரு தொழிற்சாலையைப் பற்றி நாவல் வடிவில் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. அதில் சிறுவர்கள் வரிசையாக மலைப்பாதையில் நடந்து போகும் ஒரு கட்டம் வருகிறது. எல்லோரிலும் மெதுவாக நடக்கும் பிள்ளையின் வேகமே முழு வரிசையின் வேகம் என்று அவர்களைக் கூட்டிச் செல்பவர் கண்டுகொள்கிறார். அப்பிள்ளையை முன்னுக்கு விட்டு, அவனுடைய பையிலிருந்த பாரத்தை மற்றவர்கள் பங்கிட்டுச் சுமந்ததும் எல்லோரும் விரைவாகப் போகிறார்கள். இடம்பெயர்ந்து, முதியவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நடந்து வந்த எங்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விடயமல்ல. ஆனால் வேலைத்தலத்தில் அதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

ஆகவே முதலில் செய்தது காசு செலவில்லாத காரியம். வறுப்பவரின் பாரத்தை இறக்கினோம். விறகும் தேநீரும் வேறு கைக்குப் போயின. அடுத்த 2 கிலோவும் நிறுத்துத் தயாராகப் பக்கத்தில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அடுப்பு ஓயாதபடி இன்னொருவர் அவரிடம் பதம் பழகினார். வறுத்தது சேரச் சேர அரைத்தார்கள். பின்னேர நெரிசல் இல்லாமற் போனது.

ஆனால் நாற்பது பைக்கற்றும் திரும்பி வந்ததற்கு இது முழுப் பதிலல்ல. அதிகம் செய்வது வேறு, ஒரே மாதிரிச் செய்வது வேறு. அதற்கு இரண்டாவதாக வந்த வளவாளர் சொன்ன வழியே வேண்டியிருந்தது. அளத்தல், எழுதுதல்.

இவ்வழிக்கும் அதே ஹோதோர்னோடு தொடர்புண்டு. அங்கே வேலை தொடங்கிய வால்டர் ஷூவார்ட் என்ற பொறியியலாளர் 1924இல் ஒரு எளிய வரைபடத்தை அறிமுகம் செய்தார். எந்த வேலையிலும் சிறிய ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். அது இயல்பு. அதற்கு அப்பால் துள்ளினால் ஏதோ ஒரு தனிக் காரணம் உள்ளே புகுந்துவிட்டது, அதைத் தேடு என்பதே அவ்வரைபடத்தின் பயன். இதன் வழியில் வளர்ந்து, 1980களில் மோட்டரோலா நிறுவனத்தில் பில் ஸ்மித் என்பவர் தொடங்கிய முறைக்கு 'சிக்ஸ் சிக்மா' என்று பெயர். பிழை நேரக்கூடிய 10 இலட்சம் சந்தர்ப்பங்களில் 3.4 பிழைக்கு மேல் வரக்கூடாது என்பது அவர்களுடைய இலக்கு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாற்பது பைக்கற் திரும்பாமல் இருந்தாற் போதும்!

குழுவினர் ஏற்கெனவே கொப்பியில் நிறைகளை எழுதியிருந்தார்கள். ஆனால் எழுதிய பின் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்து பார்த்தோம். 250 கிராம் என்று அச்சிட்ட பைகள் காலையில் 248, 251, 250 என்று இருந்தன. பின்னேரத்தில் 238, 256, 241. ஒருத்தி சொன்னாள், "பின்னேரம் நிறுக்கிறது நான்தான். என்னிலதான் பிழை." அவளுடைய முகம் சுருங்கிப் போயிற்று. மறுநாள் பின்னேரம் அவளோடு போய் நின்று பார்த்தேன். தராசின் எண் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பை வைத்தாலும் ஆடியது, வைக்காவிட்டாலும் ஆடியது. கதவால் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது.

தராசு ஏன் கதவடியில்? அடுக்கி வைக்கும் செயலமர்வில், நான் ஒழுங்கு செய்த அதே செயலமர்வில், "தராசுக்கு ஒரு நிரந்தர இடம்" என்று கதவுக்குப் பக்கத்தில் தட்டு அடித்தோம். மஞ்சள் கோடு கீறி, 'தராசு' என்று பெயரும் ஒட்டினோம். மிக அழகாக இருந்தது. அந்தத் தட்டின் படம் என்னுடைய வருடாந்த அறிக்கையின் 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னர் தராசு உள்ளறை மேசையில், கடதாசிகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில், காற்றுப் படாமல் இருந்தது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தட்டைக் கழற்றி உள்ளறையில் அடித்தோம்.

இதனால் அடுக்கி வைப்பது பிழை என்று சொல்லவில்லை. ஜப்பானில் வளர்ந்த 'ஐந்து எஸ்' முறையை எங்கள் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கண்டிருப்பீர்கள். வேண்டாததை அகற்றல், ஒழுங்காக வைத்தல், சுத்தம், அதை ஒரு நியமமாக்கல், பழக்கமாக்கல். அக்குழுவிலும் அரிதட்டைத் தேடி அலைந்த காலம் அதனால்தான் போயிற்று. ஆனால் ஒரு பொருள் எந்த இடத்தில் இருந்தால் வேலை சரியாக நடக்கும் என்பதை, அளந்து எழுதிய கொப்பிதான் சொல்லும். அடுக்கும் கையும் எழுதும் கையும் ஒன்றையொன்று கேட்கவில்லை. வளவாளர்கள் வேறு வேறு திட்டங்களில் வந்தார்கள். தேநீர், வரவுப் பதிவு, படம், போய்விட்டார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கவேயில்லை. நானும் பார்க்கவில்லை.

கசப்புக்குக் காரணத்தையும் கொப்பிதான் காட்டியது. கசந்த பைகள் எல்லாம் மூன்று நாட்களில் வறுத்தவை. அந்த மூன்று நாளும் விறகு முடிந்து, வறுப்பவர் தாச்சியை விட்டு வெளியே போன நாட்கள். அவருடைய பாரத்தை இறக்கியது அளவைக் கூட்டுவதற்காக. அதனாலேயே கருகலும் நின்றது. சரியான நிறமுள்ள தூளைச் சிறு போத்தலில் போட்டு அடுப்படியில் வைத்தார்கள். அதோடு ஒப்பிட்டு நிறம் பிசகினால் யாரும், இளையவள் என்றாலும், "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லலாம். பிழை நேர்ந்தால் வேலையை அங்கேயே நிறுத்துவது டொயோட்டா கார்த் தொழிற்சாலையின் வழக்கம்.

மூன்றாவது வளவாளர் பேசியதும் டொயோட்டாவின் முறைதான். தாய்ச்சி ஓனோ என்பவர் அங்கே பல வருடங்களாக வளர்த்தெடுத்த வழியை மேல்நாட்டார் 'லீன்' என்று அழைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் அதையும் சிக்ஸ் சிக்மாவையும் ஒன்றாக இணைத்தும் எழுதத் தொடங்கினார்கள். தேவைக்கு மேல் செய்து வைத்தல், காத்திருத்தல், வீணாகத் தூக்கித் திரிதல், வீண் அசைவு என்று வீணானவற்றை இனங்கண்டு நீக்குவது அதன் சாரம். கடை கேட்காமலே அரைத்து மூலையில் கிடந்த தூள் நிறமும் மணமும் இழந்துகொண்டிருந்ததை அவர் காட்டியது நல்ல காரியம். ஆனால் அவர் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காம்பு கிள்ளுவது வீண் வேலை. காம்பில்லாத செத்தலை வாங்கினால் மூன்று பேருடைய கூலி மிச்சம்.

அந்த மூவரில் ஒருவர் அறுபது வயது கடந்த அம்மா. ஒரு கால் இல்லை. நிலத்தில் சுளகுக்கு முன்னால் இருந்து செய்யும் அந்த வேலையைத் தவிர அங்கே அவரால் வேறு வேலை செய்வது கடினம். கூட்டத்தில் இவ்விடயம் வந்தபோது அவர் சத்தமாகப் பேசவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, அப்ப நான் நாளையிலயிருந்து வரத் தேவையில்லையோ?"

பொருளாளர் கல்நெஞ்சுக்காரி அல்ல. கணக்கு அவருடைய பொறுப்பு. காம்பின் நிறை, கிள்ளும் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், காம்பில்லாத செத்தலால் கிலோவுக்குச் சிறிய தொகை மிஞ்சத்தான் செய்தது. "பாவம் பார்த்தால் பதினொரு பேரும் பட்டினி கிடக்க வேண்டி வரும்" என்றார். ஒரு வாரம் பரீட்சித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அந்த வாரம் நிறம் பிசகி, "நிப்பாட்டுங்கோ" என்ற குரல் நாலு தடவை கேட்டது. தூளில் புழுங்கல் மணம். கொப்பியைப் புரட்டினோம். வறுப்பவர் மாறவில்லை, விறகு மாறவில்லை, மாறியது செத்தல் மட்டும். உடைத்துப் பார்த்தால் சிலவற்றின் உள்ளே பூஞ்சணம்.

அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மா அவ்வளவு காலமும் காம்பு மட்டும் கிள்ளவில்லை. ஒவ்வொரு செத்தலும் அவருடைய விரலுக்குள்ளால் போயிற்று. பூஞ்சணம் பிடித்ததை, கறுத்ததை, ஈரத்தை அவர் பேசாமல் எடுத்துப் புறம்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அதை ஒரு வேலை என்று எழுதி வைக்கவில்லை. அவரும் சொன்னதில்லை. பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்லடொக்சின் என்ற நச்சு ஈரலைப் பாதிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுதாக அழியாது. அதைவிட, அடுப்படிதான் எங்கள் நெரிசல் என்று கண்டிருந்தோம். அங்கே பழுதான 2 கிலோவை வறுத்தால் திரும்பக் கிடைக்காத 25 நிமிடம் போய்விடும். நெரிசலுக்கு முன்னால் நின்று தரம் பார்ப்பவரையே வீண் செலவு என்று வெட்டப் போயிருந்தோம்.

டொயோட்டாவின் வரலாற்றிலும் ஆளை வெட்டிய ஒரு கட்டம் உண்டு. 1950இல் அந்நிறுவனம் முறிந்து போகும் நிலைக்கு வந்தது. வேலைநிறுத்தம் நடந்தது. 1,500க்கும் மேற்பட்டோர் வேலையை விட்டுப் போக நேர்ந்தது. நிறுவனத்தைத் தோற்றுவித்த கீச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார். பின்னர் 1962இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கை பற்றிய ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. தான் சொல்லும் சிக்கன யோசனை தன் வேலையையே பறிக்கும் என்று பயந்தால் எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்? செயலமர்வுகளில் இந்தப் பகுதியை ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

குழு தன் யாப்பில் ஒரு வரி சேர்த்தது. வேலையில் நேரம் மிச்சமானால் அந்த நேரத்துக்கு வேறு வேலை தேடுவது, ஆளுடைய முறையை வெட்டுவதில்லை. கிள்ளும் மூவரில் ஒருத்தி விரும்பி அடுப்படிக்கு மாறினாள். கிள்ளும் கூலியோடு தரம் பார்க்கும் கூலியும் சேர்ந்தது. பொருளாளர் இன்றைக்கும் அதைச் செலவுப் பக்கத்தில் சிவப்பு மையால்தான் எழுதுகிறார். அந்தத் தர்க்கம் முடியவில்லை.

"அப்ப எதை முதல் செய்யிறது?" என்று வேறு குழுக்களும் கேட்கின்றன. இந்நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் ஐந்து எஸ்ஸில் தொடங்கி, பின் ஒவ்வொரு பிரிவினரும் தங்கள் வேலையின் குறைகளைத் தாங்களே அளந்து திருத்துவதற்கு முன்னேறி, அதன் பிறகே முழு வைத்தியசாலைக்குமான தர முகாமைக்குப் போனது. ஜப்பானின் ஜெய்கா நிறுவனம் அந்தப் படிமுறையைத் தன்சானியா முதலிய ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கும் கொண்டு சென்றது. பெரிய இடத்துக்கு அந்த ஒழுங்கு பொருந்தும். பத்துப் பேர் கொண்ட, கடன் வாங்க யோசிக்கும் குழுவுக்கு என் அபிப்பிராயம் சற்று வேறு. முதலில் குவியல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதுவரை எந்தப் படிவத்திலும் கையொப்பம் வைக்காதீர்கள். பிறகு கொப்பி. கொப்பியைப் பார்த்து அடுக்குங்கள். வீணைக் குறைப்பதைக் கடைசிக்கு விடுங்கள். ஏனென்றால் எது வீண், எது வீணல்ல என்பது அதற்கு முன்னர் தெரியாது.

அந்தக் கடன் படிவம் இப்போதும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. சேமிப்பிலிருந்தே இரண்டாவது தாச்சி வாங்கி, களிமண்ணால் இன்னொரு அடுப்பும் போட்டார்கள். கடைக்காரர் மூன்று மாதம் சிறிய அளவில் எடுத்துப் பார்த்து, பின்னர் பழைய அளவுக்கு வந்தார்.

போன கிழமை நான் அங்கே போனேன். வாசலில் கால் வைக்கும்போதே அந்த அம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் காட்டினார்.

"பிள்ளை, இஞ்ச வந்து பார். இப்ப குவியல் பை ஒட்டுற இடத்துக்குப் போட்டுது. நான்தான் முதல் கண்டனான்."

கொப்பியில் கோடு கீறி நிரப்புவது எப்படி என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன். உங்கள் குழுவில் குவியல் எங்கே நிற்கிறது என்று ஒரு கடிதம் போடுங்கள்.